நின்றுகொண்டு எழுதியது

இதை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். உட்கார இன்னும் இரண்டு நாளாகும்.

தம்பெரேயில் என் வீட்டுக் கொல்லையில், பழைய மரத்தை வைத்து நான்கு மாதம் பாடுபட்டு நானே கட்டிய விறகு சவுனா என்னும் நீராவிக் குளியல் அறைக்கு நேற்று சாயங்காலம் திறப்பு விழா. 55 லட்சம் சொச்சம் ஜனங்களுக்குச் சுமார் 30 லட்சம் சவுனா இருக்கும் நாடு பின்லாந்து. என்னுடையது இல்லையென்று யாரும் அழவில்லை. அடுப்புக் கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. கண்ணை மூடிப் பலகையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் ஓர் ஆணி.

மரம் சூட்டைச் சட்டென்று கடத்தாது. அதனால்தான் 85 டிகிரியிலும் மனுஷன் அதன்மேல் உட்கார முடிகிறது. இரும்புக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பண்பாட்டுக்கு நடுவே "ஐயோ அம்மா" என்று அலறினேன். வெளியே இருந்த மனைவி, நான் ரசிப்பதாக நினைத்துக்கொண்டாளாம்.

"இதற்குச் சென்னையிலேயே இருந்திருக்கலாமே" என்று சொன்னவர்கள் இதுவரை 17 பேர். எண்ணி வைத்திருக்கிறேன்.

பழைய மரத்தில் சவுனா கட்டுவது எப்படி என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஆணி.

மரம், பக்கத்து வீட்டுப் பெரியவரின் பழைய கொட்டகை. "வேண்டுமானால் பிரித்து எடுத்துக்கொள்" என்றார். இலவசம் என்று காதில் விழுந்த பிறகு நமக்கு வேறு எது விழும்? கொட்டகையை இடிக்கிற கூலி அவருக்கு மிச்சமானது எனக்கு மூன்றாம் மாதம்தான் உறைத்தது. பெயின்ட் அடித்த பலகை சூட்டில் நஞ்சைக் கக்கும் என்று அவற்றை மட்டும் ஒதுக்கினேன். அந்த அளவுக்கு விவரம் உண்டு.

பழைய பலகையில் ஆணி மூன்று ரகம். பிடித்து இழுத்தால் மரியாதையாக வெளியே வருவது முதல் ரகம். மொத்தத்தில் நான் பார்த்தது ஒன்பது. இரண்டாவது, தலை மட்டும் கையோடு வந்து உடம்பு உள்ளேயே தங்குவது. கொடுத்த கடனைக் கேட்கப் போனால் ஜன்னலில் தலையை மட்டும் காட்டுகிற ஆசாமி. மூன்றாவது ரகத்துக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ரம்பத்தின் பல் போன பிறகுதான் அது இருந்ததே தெரியும். இப்படி நான்கு ரம்பம் போயிற்று. தோண்டித் துருவிப் பிடுங்கிய ஆணி 1,140. அந்த ஒன்பதைத் தவிர அத்தனையும் வளைந்தவை. அத்தனையையும் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். அப்பா அப்படித்தான் செய்வார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, "இருக்கட்டும்டா, ஒருநாள் உதவும்" என்பார். உங்கள் வீட்டிலும் அந்தப் பாட்டில் பரண்மேல் இருக்கிறது, எனக்குத் தெரியும். அது உதவிய நாள் ஒன்றைச் சொல்லுங்கள் பார்க்கலாம். புது ஆணி ஒரு கிலோ இங்கே இரண்டு மூன்று காப்பி விலை. நான் நிமிர்த்தியதில் இடது கட்டைவிரல் நகம் போயிற்று; அதற்கு விலை போடவில்லை.

சவுனா பலகையில் திருகாணியை அடியிலிருந்துதான் முடுக்க வேண்டும், உடம்பில் இரும்பு படக் கூடாது. தெரியாமலா? ஆனால் 1,140 ஆணியை வீட்டில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்த் திருகாணி வாங்க யாருக்கு மனசு வரும்?

நான்கு மாதமும் வேலிக்கு அப்பால் நின்று வாய் திறக்காமல் பார்த்திருந்த பெரியவர், என் அலறலைக் கேட்டு வந்தார். பலகையைத் தடவினார். விரலில் பிசின் ஒட்டியது. "ஹாபா" என்றார், போய்விட்டார். ஹாபா என்றால் ஆஸ்பென்; உட்காரும் பலகைக்கு அந்த மரம் போட்டிருக்க வேண்டுமாம். கொட்டகையின் ஸ்ப்ரூஸ் மரம் சூட்டில் பிசின் வடிக்குமாம். நான்கு மாதத்தில் என்றைக்காவது ஒருநாள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதா?

அந்த ஆணியை நேற்று ராத்திரியே பிடுங்கிவிட்டேன். பிடுங்கும்போது வளைந்துவிட்டது. காலையில் முதல் வேலையாக நிமிர்த்திப் பாட்டிலில் போட்டேன்.