வட்டிக்கு ஏது சீசன்?

நான் எம்.ஏ. பொருளாதாரம் படித்தவன். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறேன். சாரல் விழுந்தால் வாடகையை ஏற்று, அருவி வற்றினால் வந்த விலைக்கு விடு என்பது ஆறாம் வகுப்போடு நின்ற அப்பாவுக்கு யாரும் சொல்லித் தராமலேயே தெரியும். அதைத்தான் நான் சென்னைக்குப் போய், கடன் வாங்கிப் படித்துவிட்டு வந்தேன்.

கல்விக் கடனுக்கான மாதிரித் திட்டம் 2001-இல் வந்த புதிது. நாலு லட்சம் வரை அடமானம் வேண்டாம், படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரைக்கும் தவணையும் கட்ட வேண்டாம் என்றார் மேனேஜர். ‘தவணை வேண்டாம்’ என்றது என் காதில் ‘வட்டி கிடையாது’ என்று விழுந்தது. பின்னாளில் பாக்கியைப் பார்த்துவிட்டு, தப்பாக ஏற்றியிருக்கிறார்கள் என்று வங்கிக்குச் சண்டைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா, நான் கையெழுத்துப் போட்ட பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். படிக்கிற காலத்துக்கும் தனிவட்டி உண்டு என்று தெளிவாகவே அச்சடித்திருந்தது. கூட்டாகக் கையெழுத்துப் போட்ட அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். படியிறங்கும்போது, “ஏல, சாரலுக்குத்தாம்ல சீசன். வட்டிக்கு ஏது சீசன்?” என்றார்.

வருமான வரிச் சட்டம் 80இ பிரிவின்படி கல்விக் கடன் வட்டியை எட்டு வருஷம் வரை கழித்துக்கொள்ளலாம் என்று நண்பர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தேன். எனக்குக் கழிக்க வட்டி இருந்தது. வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம்தான் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு, அக்கா மகள் சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பொருளாதாரம் படிக்க ஆசைப்பட்டபோது வீட்டில் என்னைத்தான் கேட்டார்கள். படித்தவன் என்ற பேர் அவ்வளவு லேசில் போகாது. பிரிட்டனில் நிதி ஆய்வுக் கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துவிட்டேன். அங்கே மருத்துவம், கணிதம், பொருளாதாரம் படித்தவர்கள் சராசரிப் பட்டதாரியைவிட 30 சதவீதமாவது கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள். “அது லண்டன் சம்பளம். நீங்க எவ்வளவு வாங்குனீங்க மாமா?” என்றாள்.

விடுவேனா? பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிட்ட பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு ஒரு பங்காக மூன்று வருஷத்தில் நாலு லட்சம், வட்டி பத்து சதவீதம். தவணை தொடங்கும்போது பாக்கி 5,20,000. பத்து வருஷம் கட்டினால் மாதம் சுமார் 6,870 ரூபாய். மொத்தம் எட்டேகால் லட்சம். இந்த மட்டுக்கும் சரி. வரவுப் பக்கத்தில் கல்லூரி விளம்பரத்தில் இருந்த உச்சபட்சச் சம்பளத்தை எழுதி, அதை முப்பது வருஷத்துக்குப் பெருக்கி வைத்தேன். லாபம் கோடியைத் தாண்டியது. பில்லை வாங்கிப் பார்த்தவள், “இது ஒருத்தருக்குக் கெடச்சது மாமா. மத்தவங்களுக்கு?” என்றாள். சராசரிக்கும் நடுமதிப்புக்கும் வித்தியாசம் என்ன என்று டியூஷன் எடுத்தவன் நான்.

மற்றவர்கள் கதை சொகுசானதல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் இந்தியாவில் வேலையில்லாதவர்கள் பட்டம் பெற்ற இளைஞர்களில் 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம். படிப்பே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. படிக்காதவனுக்குச் சும்மா இருக்க வசதியில்லை, படித்தவன் நல்ல வேலைக்குக் காத்திருக்கிறான். ஆனால் காத்திருக்கும் மாதத்துக்கும் வட்டி உண்டு.

பக்கத்து வீட்டுப் பையன் ப்ளஸ் டூ முடித்து மத்தளம்பாறை சோஹோ பக்கம் போனபோது, “டிகிரி இல்லாம நாளைக்குத் திண்டாடுவான் அண்ணாச்சி” என்று அவன் அப்பாவை எச்சரித்தேன். அந்த மென்பொருள் நிறுவனம் நடத்தும் பள்ளியில் கட்டணம் கிடையாது, உதவித்தொகை கொடுத்துக் கற்றுத் தருகிறார்கள். இப்போது சீசனுக்கு வரும் தன் நண்பர்களுக்கு அவன் என் லாட்ஜில்தான் ஏசி அறை போடுகிறான். வாடகையில் பேரம் பேசுவதில்லை. ஒரு பையனை வைத்து ஊருக்கே வழி சொல்ல முடியாதுதான், அங்கே இடமும் கொஞ்சம். இருந்தாலும், படிக்கும் காலத்தில் கைவிட்ட சம்பளமும் செலவுதான் என்ற முதல் பாடத்தை எனக்கு நினைவூட்ட அவன் வர வேண்டியிருந்தது.

கடைசியாக, வட்டியை அரசாங்கமே கட்டும் என்று அத்தானை வங்கிக்குக் கூட்டிப்போனேன். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்காக 2009-இல் வந்த மத்திய அரசின் வட்டி மானியம் அது. தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்குத்தான், பி.ஏ.வுக்கு இல்லை என்றார்கள். திரும்பி வரும்போது அத்தான் பைக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா மகள் என்னைக் கேட்காமலேயே குற்றாலம் பராசக்தி கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரத்துக்கு விண்ணப்பித்துவிட்டாள். அவள் சொன்ன காரணம் சரியானது: இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு எப்படியும் முதுநிலைப் பட்டம் வேண்டும், கடன் வாங்குவதானால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடப் போகிறவர்கள், தவணை தொடங்கும் நாளில் பாக்கி எவ்வளவு நிற்கும் என்று வங்கியிடம் எழுதி வாங்குங்கள். போன வருஷம் அதே படிப்பை முடித்தவர்களில் நடுவில் நிற்பவருக்கு என்ன சம்பளம் என்று கல்லூரியைக் கேளுங்கள். பதில் சொல்ல மழுப்பினால் அங்கே பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.