மஞ்சள் எழுத்தும் மங்கிய கன்னமும்: நிறபேதவியலுக்கு ஒரு பாயிரம்

சுவடிக்குப் பாடபேதம் எப்படியோ, பழைய பேஸ்பால் அட்டைக்கு நிறபேதம் அப்படி. ஏடு எழுதியவர் கை தூங்கினால் ஒரு சீர் மாறும். அச்சு ஓட்டியவர் கண் அசந்தால் ஒரு மை மாறும். முன்னதை ஆராய்ந்தவர்களுக்குப் பட்டம் கிடைக்கிறது, பின்னதை ஆராய்பவர்களுக்கு வீட்டில் ஏச்சு கிடைக்கிறது. அந்த அநீதியைக் களைவது இக்கட்டுரையின் வேலையல்ல. இது நிறுவ முயல்வது ஒன்றுதான்: நிறபேதத்தை நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நிறம் சந்தேகத்தைக் கிளப்பும். சாட்சி சொல்ல வேறு ஏதாவது வரவேண்டும்.

எளிய வழக்குகளிலிருந்து தொடங்குவோம். புரூக்ளினில் பபிள்கம் விற்ற டாப்ஸ் நிறுவனம் 1958-இல் வெளியிட்ட அட்டைகளில், தொடக்க எண்கள் சிலவற்றில் வெள்ளையாக இருக்கவேண்டிய எழுத்து மஞ்சளாக வந்துவிட்டது. 30-ஆம் எண்ணில் ஹாங்க் ஆரனுக்குப் பெயரே மஞ்சள். 52-ஆம் எண்ணில் ராபர்ட்டோ கிளெமென்டேக்கு அணியின் பெயர் மட்டும் மஞ்சள். 1969-இல் இதே கதை தலைகீழாக நடந்தது. 500-ஆம் எண் அட்டையில் மிக்கி மான்டிலின் குடும்பப்பெயர் மஞ்சளில் இருப்பதே வழக்கம். வெள்ளையில் கிடைப்பது அரிது, விலையும் பல மடங்கு. இவற்றைக் கண்டறியக் கூர்ந்த நிற உணர்வு தேவையே இல்லை. வெள்ளை என்பது இங்கே மையின் பெயரன்று, மை இல்லாமையின் பெயர். தாள் தெரிகிறதா, மை தெரிகிறதா என்பதுதான் கேள்வி. 1990-ஆம் ஆண்டின் 414-ஆம் எண் அட்டை இன்னும் தெளிவானது. ஃபிராங்க் தாமஸின் பெயர் இருக்கவேண்டிய கட்டம் காலியாகக் கிடக்கிறது. பெயரை யாராவது சுரண்டி எடுத்திருக்கலாமே என்று கேட்டால், அதே தாளில் பக்கத்தில் அச்சான அட்டைகள் பதில் சொல்கின்றன. அவற்றிலும் கறுப்புக் கோடுகள் ஆங்காங்கே அறுந்திருக்கின்றன. கறுப்பு மை அந்த இடத்தில் தாளுக்கு வந்து சேரவில்லை என்பதற்கு அண்டை வீட்டுக்காரர்களே சாட்சி.

இனி 1962. இத்துறையின் குருக்ஷேத்திரம் இதுதான். அந்த ஆண்டு அட்டையின் ஓரம் மரப்பலகை போலப் பழுப்பாக இருக்கும். படத்தின் வலக் கீழ்மூலை பலகையிலிருந்து பிய்ந்து சுருண்டதுபோல வரைந்திருப்பார்கள். 110 முதல் 196 வரையிலான 87 எண்களுக்கு மட்டும் இரண்டு அச்சுகள் உண்டு. ஒன்று வழக்கமானது, மற்றொன்றில் புல்லும் வானமும் முகமும் ஒருவிதப் பச்சைச் சாயல் ஏறி, ஆட்டக்காரர்கள் அனைவரும் படகில் வாந்தி எடுத்து இறங்கியவர்கள்போலத் தோன்றுவார்கள். ஆனால் இந்தப் பச்சையை ஆய்வாளர்கள் ஐயமின்றி ஏற்றது எங்கே என்று பார்த்தால், பச்சையைத் தவிர வேறொன்றும் மாறியிருக்கும் அட்டைகளில்தான். 174-ஆம் எண்ணில் கார்ல் வில்லி ஓர் அச்சில் தொப்பியோடு இருக்கிறார், இன்னோர் அச்சில் தொப்பி இல்லை. 139-ஆம் எண்ணில் பேப் ரூத்துக்குப் பின்னால் ஒரு கம்பம் நிற்கிறது, அல்லது நிற்கவில்லை. தொப்பியும் கம்பமும் வெயிலில் வெளுப்பதில்லை.

வெயிலைச் சொன்னது காரணத்தோடுதான். நாலு கலர் அச்சில் மஞ்சளும் மெஜந்தாவும் வெளிச்சத்துக்கு முதலில் தோற்கும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். ஜன்னலோரம் சில ஆண்டு கிடந்த அட்டையில் கன்னத்துச் சிவப்பு கழன்று நோயாளி நிறம் வந்துவிடும். அதை ‘சிவப்பு மை விடுபட்ட அரிய அச்சு’ என்று விற்பவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்லர், பலர் ஆசைப்பட்டவர்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை அந்தக் கன்னத்தின்மேல் வைத்தால் முகம் கரைந்து புள்ளிகளாகிவிடும். வெளிறிய ரோஜா நிறத்தில் புள்ளிகள் வரிசை கலையாமல் உட்கார்ந்திருந்தால் மை வந்திருக்கிறது, பிறகு போயிருக்கிறது. புள்ளியே இல்லையென்றால்தான் வழக்கை மேலே நடத்தலாம். இங்கும் தீர்ப்பைச் சொன்னது நிறமன்று, புள்ளியின் இருப்பு.

மறுப்பாரும் உளர். பழகிய கண்ணுக்கு லென்ஸ் எதற்கு என்பார்கள். பழகிய கண்தான் அதிகம் ஏமாறும் கண். டியூப்லைட்டுக்குப் பழகினால் அது டியூப்லைட்டையே வெள்ளை என்று நம்பிவிடும். மேலும் ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் நூற்றுக்கு 8 பேருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. பச்சைச் சாயல் பற்றிய ஏலச் சண்டைகளில் இது எத்தனை பேரை மௌனமாக்கவேண்டும் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம். ஸ்கேனரில் போட்டு எண்ணாக எடுத்துவிடலாமே என்பது அடுத்த மறுப்பு, சற்றே கனமானதும்கூட. எண் பொய் சொல்லாதுதான். ஆனால் அச்சு ஓட ஓட மை ஏறும், இறங்கும். ஒரே தாளின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றாக இரா. எடுத்துவைத்த எண்களெல்லாம் படிப்படியாக இறங்கும் ஒரு சரிவாகத்தான் வரும். அந்தச் சரிவில் எந்த இடத்தில் கோடு கிழித்து ‘இதற்குமேல் பச்சை’ என்பது? கோடு கிழிக்கும் கை, பெரும்பாலும் அட்டையை விற்கும் கை.

கம் மெல்லும் பிள்ளைகளுக்காக அடித்துத் தள்ளிய காகிதத்துக்கு இத்தனை நியாயசாஸ்திரமா என்று கேட்பவர்களுக்கு விடை எளிது: அச்சகத்தார் இதில் அக்கறை காட்டியிருந்தால் இந்த இயலே பிறந்திராது. எஞ்சியிருப்பது, 1959-இல் 199 முதல் 286 வரையிலான அட்டைகளின் முதுகு வெள்ளையா சாம்பலா என்ற வழக்கு. வெள்ளைத் தாள் வயதானால் பழுக்கும், சாம்பலோ வெளிச்சத்துக்கு வெளிச்சம் குணம் மாற்றும். அதை விசாரிக்க நல்ல பகல் வெளிச்சமும் தனிக் கட்டுரையும் வேண்டும்.