சமையலறையில் ஆவி நடமாட்டம்

கேள்வி: கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் காய் வேகிறது, ஆவியில் வைத்தாலும் வேகிறது. பிறகு எதற்கு இந்த ஆவி மோகம்?

பதில்: இரண்டும் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் சூடுதான். வித்தியாசம் சூட்டில் இல்லை, குளியலில் இருக்கிறது. வைட்டமின் சி, ஃபோலேட் போன்ற பி வகை வைட்டமின்கள் தண்ணீரில் கரைபவை. காயை முங்க முங்க வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால், அவற்றில் ஒரு பங்கு வடிநீரோடு போய்விடும். ஆவியில் கரைந்து ஓட அவ்வளவு தண்ணீர் கிடையாது. சூட்டினால் ஏற்படும் இழப்பு ஆவியிலும் உண்டு. அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கரைந்து போகிற இழப்பு வெகுவாகக் குறைகிறது. சாம்பாரில் வெந்த முருங்கைக்காய் மீது இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. அங்கே கரைந்ததும் சோற்றோடு வயிற்றுக்குத்தான் வருகிறது.

ஆவி காயின் மேல் பட்டவுடன் மறுபடி நீராக மாறுகிறது. மாறும்போது தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை இறக்கிவிடுகிறது. சாதாரணத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப்போல அது ஏழு மடங்குக்கு மேல். கொதிநீரைவிட ஆவி கையை மோசமாகச் சுடுவதும் இதனால்தான். மூடியைத் திறக்கும்போது எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறக்க வேண்டும். முகத்துக்கு ஆவி பிடிப்பது சளிக்கான வைத்தியம், அதற்கு நேரம் வேறு.

கேள்வி: இதற்கென்று தனிப் பாத்திரம் வாங்க வேண்டுமா?

பதில்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் ஆகிவிடும். இட்லிப் பானை இருக்கிற வீட்டில் ஸ்டீமர் ஏற்கெனவே இருக்கிறது. இட்லித் தட்டுக்குப் பதிலாகத் துளையிட்ட ஒரு தட்டைப் பொருத்தினால் வேலை முடிந்தது. யாழ்ப்பாணத்தில் பனையோலையால் பின்னிய நீத்துப்பெட்டியில் பிட்டு அவிப்பார்கள். அதுவும் இதே குடும்பம்தான். குக்கரையும் பயன்படுத்தலாம், ஆனால் வெயிட் போடாமல். வெயிட் போட்டால் உள்ளே சூடு 120 டிகிரியைத் தொடும். ஒரு விசில் வருவதற்குள் முட்டைக்கோஸ் தன் அடையாளத்தை இழந்திருக்கும்.

தண்ணீர் தட்டைத் தொடக் கூடாது, இரண்டு விரல்கடை இடைவெளி வேண்டும். பீட்ரூட் போல நெடுநேரம் வேகிறவற்றுக்கு, கழுவிய காசு ஒன்றைப் பானையின் அடியில் போட்டுவைப்பது பழைய தந்திரம். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடவென்று பேசிக்கொண்டிருக்கும். பேச்சு நின்றால் பானை வறண்டுவிட்டது என்று பொருள்.

கேள்வி: எவ்வளவு நேரம்?

பதில்: தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்தபிறகுதான் காயை வைக்க வேண்டும், கணக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பொடியாக நறுக்கிய கோஸுக்கு 4 முதல் 5 நிமிடம். பீன்ஸ், கேரட் துண்டுகளுக்கு 6 முதல் 8. உருளைக்கிழங்குத் துண்டுகளுக்கு 12 முதல் 15. முழு பீட்ரூட்டுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். அதன் சாயம் தண்ணீரில் கரைவது என்பதால் தோலோடு வேகவைத்துப் பிறகு உரிப்பதே நல்லது. இந்த எண்கள் வழிகாட்டி மட்டுமே. கத்தி முனை காய்க்குள் இறங்கும்போது லேசான எதிர்ப்பு காட்ட வேண்டும். அரைவேக்காடு என்பது மனிதர்களுக்கு வசை, பீன்ஸுக்கு அதில் பாதி பாராட்டு.

நடுவில் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதால் வேகிற நேரம்தான் கூடுகிறது. பதம் வந்ததும் காயை வெளியே எடுத்துத் தாம்பாளத்தில் பரப்பிவிட வேண்டும். அடுப்பை அணைத்தாலும் பானைக்குள் சூடு அணைவதில்லை.

கேள்வி: வைக்கும்போது பச்சையாக இருந்த அவரைக்காய், எடுக்கும்போது காக்கி உடுப்பு போட்டுக்கொள்கிறதே?

பதில்: பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசிய அணு இருக்கிறது. சூடும் அமிலமும் சேர்ந்தால் அது கழன்றுவிடும், பச்சை காக்கியாகும். அந்த அமிலம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, காய்க்குள்ளேயே இருக்கிறது. ஆகவே மருந்து ஒன்றுதான்: குறைந்த நேரம். முதல் ஒரு நிமிடம் மூடாமல் வைத்தால் அமிலத்தில் கொஞ்சம் ஆவியோடு வெளியேறும். புளி, எலுமிச்சை, தயிர் எதுவானாலும் கடைசியில்தான். புளிக்கு இன்னொரு குணமும் உண்டு, முன்னதாகச் சேர்த்தால் காய் மெத்தென்று ஆகாமல் விறைத்துக்கொள்ளும். சிட்டிகை சோடா போட்டால் நிறம் நிற்கும் என்பது உண்மை. காய் கூழாவதும், தயாமின் என்ற வைட்டமின் பி1 அழிவதும் அதே அளவு உண்மை.

கேள்வி: ஆவிக்கு அடங்காத காய் உண்டா?

பதில்: வெண்டைக்காய் முதல் எதிரி. ஆவி பட்டால் கொழகொழப்பு கூடும். அதற்கு அகலமான வாணலியும் திறந்த அடுப்பும்தான் தோது. மரவள்ளிக்கிழங்கு விளையாட்டுக் காரியமில்லை. அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால், தோல் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் திறந்துவைத்து வேகவைத்து, நீரைக் கொட்டிவிட வேண்டும். சிறுநீரகக் கல்லுக்காக ஆக்சலேட்டைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் பாலக் போன்ற கீரையை வேகவைத்து வடிப்பதே மேல். முதல் பதிலில் குற்றவாளியாக நின்ற வடிநீர் இங்கே உபகாரி.

மாறாக, ஆவியால் பிழைத்த காய் கத்தரி. அது காற்று நிரம்பிய பஞ்சு, பச்சையாக வாணலியில் போட்டால் எண்ணெயைக் குடித்துத் தீர்க்கும். ஐந்தாறு நிமிடம் ஆவியில் வைத்தால் பஞ்சு அமுங்கிவிடும், பிறகு ஒரு கரண்டி எண்ணெயோடு திருப்தியடைந்துவிடும்.

கேள்வி: ஆவியில் வெந்த காய் என்றாலே பத்தியச் சாப்பாடு போல இருக்கிறதே?

பதில்: அது ஆவியின் குற்றமல்ல, தாளிக்காமல் விட்டவரின் குற்றம். வேகவைப்பது பாதி வேலை. மீதி, ஒரு சிறிய இரும்புக் கரண்டியில் அரை நிமிடத்தில் நடக்கிறது. கடுகு, மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் இவற்றின் வாசனைப் பொருள்கள் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை. தண்ணீரில் போட்டால் ஊமையாக இருக்கும் பெருங்காயம், சூடான எண்ணெயில் வாய் திறக்கும். கால் கிலோ காய்க்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும், சுமார் 40 கலோரி. இதைக் கண்டு பயந்து எண்ணெயே இல்லாமல் கேரட் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, கேரட்டின் பீட்டா கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பின் துணை வேண்டும்.

வரிசை முக்கியம். எண்ணெய் காய்ந்ததும் கடுகு. அதற்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி ஓட்டை உடைப்பதுதான் வெடிப்பு, சமையலறையின் மிகச் சிறிய ஆவிப் பானை அது. வெடிப்பு அடங்கும் தறுவாயில் உளுத்தம்பருப்பு. அது பொன்னிறமாகத் திரும்பும்போது கிள்ளிய வற்றல் மிளகாய், கடைசியில் பெருங்காயமும் கறிவேப்பிலையும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் மிளகாய் கருகும், பருப்பு பல்லை உடைக்கும், கடுகு வெடிக்காமல் கசக்கும். ஆவக்காயில் அரைத்த கடுகு மூக்கில் ஏற, தாளித்த கடுகு சாதுவாக இருப்பது ஏன் என்றும் பலர் கேட்பதுண்டு. கடுகை நசுக்கி ஈரம் சேர்க்கும்போது ஒரு நொதி வேலை செய்வதால்தான் அந்தக் காரம் பிறக்கிறது. சூடு நொதியைக் கொன்றுவிடுவதால் தாளிப்பில் மிஞ்சுவது கொட்டை மணம் மட்டும்.

கேள்வி: தினமும் அதே கடுகு, அதே உளுந்தா?

பதில்: தேங்காய்த் துருவல் சேர்ந்தால் பொரியல். துருவலோடு சீரகம், பச்சைமிளகாய் நசுக்கிப் போட்டால் கேரளத்துத் தோரன். பொடியாக அரிந்த காயோ கீரையோ வெங்காயம், மஞ்சள், தேங்காய்ப்பூவோடு சேர்ந்தால் யாழ்ப்பாணத்து வறை. மிளகும் சீரகமும் பொடித்துத் தூவினால் பூசணிக்குக்கூட மிடுக்கு வந்துவிடும். வறுத்த எள்ளுப்பொடி கொத்தவரங்காய்க்குப் பொருந்தும். இந்தக் கலையின் உச்சம் பருப்பு உசிலி. ஊறவைத்த துவரம்பருப்பை வற்றல் மிளகாயோடு கரகரப்பாக அரைத்து, அதையும் ஆவியில் அவித்து, உதிர்த்து, அவித்த பீன்ஸோடு புரட்டுவது. உதிர்த்த பருப்பு எண்ணெய் கேட்கும் என்பதால் இங்கே மட்டும் ஒரு தேக்கரண்டி போதாது.

கேள்வி: உப்பு எப்போது?

பதில்: வெந்தபிறகு. முன்னால் போட்டால் காயின் நீரை இழுத்துக்கொண்டு தட்டின் துளை வழியே உப்பும் இறங்கிவிடும். கடைசியில் தூவும் உப்பு மேற்பரப்பில் நின்று நாக்கில் நேராகப் படுவதால் குறைவாகவே போதும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில் அடக்கம் என்பதைப் பலர் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வாதாடுவோருக்கு அரை மூடி எலுமிச்சை கைகொடுக்கும். புளிப்பு ஏறினால் உப்பின் குறை அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி: பானையின் அடியில் மிஞ்சும் தண்ணீரை என்ன செய்வது?

பதில்: ரசத்துக்கு விடலாம், அடியில் காசு போடாத நாளில். பீட்ரூட் அவித்த தண்ணீரில் வைத்த ரசம் சிவந்து வரும். விருந்தாளி வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.