தறி நின்றால்தான் பட்டணம்

சோமனூர்ப் பக்கம் தறிக்காரர் வீட்டில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகும் நாளைக் குறித்துக் கொடுப்பது தறிதான். தறி ஓடிக்கொண்டிருந்தால் யாரும் நகர முடியாது. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தீரும், பிணைக்க வேண்டும்; நூல் அறுந்தால் நிறுத்தி எடுக்க வேண்டும்; கூலிக்கு ஓட்டும் துணியைச் சொன்ன தேதியில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பொங்கல் நோம்பிக்குத்தான் தறி ஓட்டும் ஆட்கள் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள். இரவும் பகலும் கடகடவென்று கேட்டுக்கொண்டே இருக்கும் தெரு அந்த ஒரு வாரம் வாயை மூடிக்கொள்ளும். அந்த இடைவெளிக்குள்தான் எங்கள் உல்லாசப் பயணம் எல்லாம்.

1984 பொங்கலுக்கு அப்பா என்னையும் தம்பியையும் மெட்ராஸ் கூட்டிப் போனார். நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்கத் திருப்பூர் போனோம். கட்டுச்சோறு, தண்ணீர்க் கூஜா, போர்த்திக்கொள்ள வீட்டுத் தறியில் ஓட்டிய காடாத் துணி.

அம்மா வரவில்லை. மாட்டுக்கு யார் தீனி போடுவது, ஆத்தாளுக்கு யார் சோறு வடிப்பது என்பதெல்லாம் வெளியில் சொன்ன காரணம். தார் சுற்றும் வேலை சொல்லாத காரணம். பாவுக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் குச்சியில் சுற்றி நாடாவுக்குள் வைப்பார்கள். அந்தக் குச்சிதான் தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீர்ந்துபோகும், அடுத்ததை மாற்ற வேண்டும். ஒரு தறிக்கு நாளெல்லாம் கூடை கூடையாய்த் தார் வேண்டும். ஆட்கள் திரும்பி வந்ததும் தறி ஓட வேண்டுமென்றால் நோம்பி நாளில் யாராவது உட்கார்ந்து சுற்றி வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த யாராவது என்பது அம்மாதான். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அப்படித்தான். "நீங்க போயிட்டு வாங்க சாமி, எனக்கு இங்கயே பூப்பறிக்கிற நோம்பி இருக்குது" என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினாள். கொங்குச் சீமைப் பெண்கள் பூப்பறிக்கப் போகும் அதே காணும் பொங்கல் நாளில் நாங்கள் மெரினாவில் நின்றோம்.

அந்தக் கூட்டத்தை எப்படிச் சொல்ல! கடலைவிட மனுஷத் தலை அதிகமாய்த் தெரிந்தது. கரும்பைக் கடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாய் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணா சமாதியில் காதை வைத்தால் கடிகாரச் சத்தம் கேட்கும் என்று யாரோ சொன்னதை நம்பித் தம்பி வரிசையில் நின்றான். மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடத்தின் 14 மாடியையும் அப்பா விரல் நீட்டி எண்ணிக் காட்டினார். 1959-இல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அது. சென்ட்ரலை ஒட்டி மூர் மார்க்கெட்டும், பக்கத்துப் பூங்காவில் மிருகக்காட்சிசாலையும் அப்போது இருந்தன. அடுத்த ஆண்டே மிருகங்கள் வண்டலூருக்குப் போய்விட்டன. அதே 1985 மே மாதத்தில் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அப்பா வெகுநேரம் பேசவில்லை. செம்மண் நிறத்து வளைவுகளுக்குக் கீழே பழைய புத்தகக் குவியலுக்குள் குந்தி உட்கார்ந்து நெசவு டிசைன் புத்தகம் ஒன்றைக் கண்டெடுத்தவர் அவர். அட்டை கிழிந்த அந்த இங்கிலீஷ் புத்தகத்தில் அவரால் படிக்க முடிந்தது கட்டம் போட்ட படங்களை மட்டும்தான். ஆனால் கட்டத்தைப் பார்த்தே எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று எங்களுக்கு விளக்கினார்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட மனசில்லை. வீட்டில் அரிசிம்பருப்புச் சோறும் பச்சைப் பயறு கடைசலும் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி தெரியாத அளவுக்குச் சாம்பாரை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். தம்பி கரண்டியால் தேடி எடுத்தான். தீவுத்திடல் பொருட்காட்சியில் டெல்லி அப்பளம்: தம்பியின் முகத்தைவிடப் பெரிது, மிளகாய்ப் பொடி தூவியது, கடித்த இடத்திலிருந்து நாலா பக்கமும் உடைந்து சட்டையெல்லாம் எண்ணெய். மெட்ராஸ் என்றால் இன்றும் எனக்கு முதலில் வருவது அந்த எண்ணெய் வாசனை. அந்த ருசிக்காகவே அவ்வளவு தூரம் போகலாம் என்று அப்போது தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கடைசி நாள் தியாகராய நகர். அப்பா துணிக்கடைக்குள் நுழைந்தால் முதலில் விலை கேட்க மாட்டார். துணியின் ஓரத்தை விரலால் நீவுவார். கசக்கிப் பார்த்துக் கஞ்சி எவ்வளவு என்று அறிவார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடக்கு லென்ஸை எடுத்துத் துணிமேல் வைத்து, ஒரு கண்ணை மூடி, அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவார். விற்பனைப் பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பாவு பரவால்லீங் தம்பி. ஊடைதான் கொஞ்சம் கம்மி. எங்கூர்ல இதவிட அழுத்தமா அடிப்போமுங்."

"எந்த ஊர் சார்?"

"சோமனூருங்."

பையன் தலையாட்டினான். அந்தப் பேரை அவன் கேள்விப்பட்டதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்பா அங்கே பருத்தி எதுவும் வாங்கவில்லை. அம்மாவுக்கு ஒரு பூனம் சேலை வாங்கினார். வாழ்நாளெல்லாம் பருத்தி நூலைத் தாராய்ச் சுற்றிய கைக்குப் பட்டணத்துப் பரிசாகப் போனது மில்லில் வந்த வழுவழுப்புச் சேலை. அம்மா அதைக் கல்யாண வீடுகளுக்கு ஆசையாய்க் கட்டினாள்.

எங்கள் ஊர்த் துணி எங்கே போகிறது என்பது நான் வளர்ந்த பிறகுதான் முழுசாய்ப் புரிந்தது. சோமனூரில் ஓடுவது பெரும்பாலும் காடா. சாயமும் பூவும் இல்லாத வெறும் துணி. நூலையும் பாவையும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். தறிக்காரர் கூலிக்கு நெய்து கொடுப்பார். அந்தக் காடா லாரியேறி ராஜஸ்தானத்துப் பாலிக்கும் பாலோத்ராவுக்கும் குஜராத்துக்கும் போய், சலவையாகி, சாயமேறி, பூப்போட்டு, தலையணை உறையாகவும் படுக்கை விரிப்பாகவும் நைட்டியாகவும் ஊர் ஊராய்த் திரும்பி வருகிறது. வழியில் பேர் மட்டும் உதிர்ந்துபோகிறது. கூலி ஒப்பந்தத் தாளில் 'சோமனூர் ரகம்', 'பல்லடம் ரகம்' என்று எழுதியிருக்கும். 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் மற்ற ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலி உயர்வு என்று அறிவித்தார்கள். அது கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரி 9 முதல் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றன. அந்தப் பொங்கலுக்கு ஊரே ஓய்வாக இருந்தது. எங்கேயும் போகத்தான் யார் கையிலும் காசில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பல குடோன்களில் தறியைப் பழைய இரும்பு விலைக்குக் கிலோக் கணக்கில் எடைபோட்டுக் கொடுத்தார்கள். எங்களுடையதும் போனது. தறி போன வீட்டில் தார் சுற்ற வேண்டியதில்லை. அம்மா முதன்முதலாய் மெட்ராஸ் பார்த்தது அப்படித்தான். அவளுக்கு வாய்த்த விடுமுறை தொழில் செத்த பிறகு வந்த விடுமுறை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆனால் அவள் அனுபவித்துப் பார்த்தாள், அதையும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத் ரயிலில் திருப்பூரில் காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சென்னை. முழங்கால் வலிக்கு மெட்ரோவின் மின்தூக்கி பெரிய உபகாரம். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாதை. கீழே ரங்கநாதன் தெரு நெரிய நெரிய, மேலே நாங்கள் நின்று நின்று நடந்தோம். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-இல் போட்ட மரப்பாதையில் மெதுவாய் நடந்து அலை பக்கத்தில் போய் நின்றாள். "இத்தன தண்ணியும் உப்பாக்கும்?" என்று கேட்டாள். அந்தப் பாதையைப் போட வேண்டும் என்று கேட்டுப் போராடியவர்கள் எல்லாருக்கும் என் கும்பிடு.

அப்பா சொன்ன மெட்ராஸைக் காட்டத்தான் முடியவில்லை. மூர் மார்க்கெட் நின்ற இடத்தில் மின்சார ரயில் நிலையம். நாங்கள் ஐஸ்கிரீம் தின்ற உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-இல் மூடி, 2010-இல் செம்மொழிப் பூங்காவாயிற்று. பூங்கா நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்குச் செடி பேர் படிக்கப் பிடித்தது. சாப்பாட்டில்தான் எனக்கு வருத்தம். திரும்பின பக்கமெல்லாம் கொங்கு மெஸ். கூட வந்த என் மகள் ஆசையாய்ப் பள்ளிபாளையம் சிக்கன் வரவழைத்தாள். பள்ளிபாளையம் எங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரம். இத்தனை தூரம் வந்து அதைத் தின்பதா என்று அவளைத் திருவல்லிக்கேணிக்கு இழுத்துப் போனேன். சாம்பார் இன்னும் அதே தாராளத்தோடுதான் வருகிறது. அம்மா இரண்டாவது தட்டு கேட்டாள்.

கடைத்தெருவும் இப்போது பாதி நம்மூர்தான். தி சென்னை சில்க்ஸ் என்று பேர் வைத்திருப்பது திருப்பூரிலிருந்து கிளம்பிய கடை. கோவை கிராஸ்கட் ரோட்டில் கிடைக்காதது உஸ்மான் ரோட்டில் என்ன இருக்கிறது என்று மகள் கேட்டதில் நியாயம் உண்டு. அம்மா மட்டும் ஒரு சின்னக் கடையில் நைட்டிக் குவியல் முன்னால் நின்றுவிட்டாள். நீலப் பூப்போட்டதை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். பூவின் சாயம் அந்தப் பக்கம் மங்கலாய் இருக்கும், இழை தெரியும். வெளிச்சத்துக்கு நேராய்ப் பிடித்தாள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவித் தடவி ஓரிடத்தில் நிறுத்தினாள். அங்கே ஊடை நூல் ஒன்று இரட்டையாய் ஓடியிருந்தது, தார் மாற்றும் இடத்தில் விழுகிற இரட்டை இழை.

"இது எந்தூர்த் துணி கண்ணு?"

"ஜெய்ப்பூர் காட்டன் ஆன்ட்டி. ஒரிஜினல்."

"பூவு வேணும்னா அங்க போட்டிருப்பாங்க. துணி எங்க பக்கத்துத் துணியாட்ட இருக்குது. சோமனூர்னு சொல்லு கண்ணு, யாராச்சும் கேட்டா."

விற்பனைப் பெண் உடனே கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டு அந்த இரட்டை இழையைக் காட்டினாள். அம்மா அவர்கள் இருவருக்கும் பாவு எது, ஊடை எது என்று கடை வாசலிலேயே சொல்லிக்கொடுத்தாள். நான் காசு கொடுத்துவிட்டு ஓரமாய் நின்றேன். 1984-இல் அப்பாவுக்குக் கிடைக்காத மரியாதை அது.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, நெகமம் சேலைக்கு உண்டு, கோவை கோராவுக்கு உண்டு. கைத்தறிக்குக் கிடைத்த அந்தப் பேர் நியாயமானது. விசைத்தறிக் காடாவுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று பேசினால், பாதித் துணிக்கு என்ன பேர் என்கிறார்கள். முழுத்துணி ஆவதற்கு முன்னால் அதை நெய்தது யார்? நைட்டியின் கழுத்துப்பட்டைச் சீட்டில் அளவும் துவைக்கும் முறையும் அச்சடிக்க இடம் இருக்கிறது. நெய்த ஊருக்கும் ஒரு வரி இருக்கும். உற்பத்தியாளர்களிடமும் தைத்து விற்பவர்களிடமும் இதை நான் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வருகிற பொங்கலுக்கு எங்கள் வீதிப் பெண்கள் சிலர் சேர்ந்து கிளம்புகிறார்கள். தார் போடும் வேலையில் இன்னும் இருப்பவர்கள். ஒருத்தி தவிர யாரும் சென்னை பார்த்ததில்லை. வீட்டு ஆம்பிளைகள் மாடு பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாயிற்று. திட்டம் எல்லாம் அம்மாவுடையது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அதை முந்தின நாளே பார்த்துவிட வேண்டும், காணும் பொங்கலன்று மெரினா பக்கமே போகக்கூடாது, நைட்டிக் கடைக்குச் சாயங்காலம் கூட்டம் சேருவதற்குள் போய்விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அப்பாவின் லென்ஸ் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று நேற்று என்னிடம் கேட்டாள். எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.