பந்தயத்துக்குப் போகும் ஒற்றர்கள்

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்துக்கு, அணிகளின் ரேடியோ பேச்சை ஒட்டுக்கேட்கும் முதல் ஸ்கேனர் வாங்கப்போகிறவர், கடைக்குள் கால் வைத்ததும் உளவுத்துறை அதிகாரியாகிவிடுகிறார். காவல்துறையின் டிஜிட்டல் அலைவரிசை வரை பிடிக்கிற, பல நூறு டாலர் விலையுள்ள கருவிதான் வேண்டும் என்கிறார். அவர் கேட்கப்போவது என்னவோ, மேலே நின்று ஓட்டுநருக்குச் சுற்றிலும் நடப்பதைச் சொல்லும் ஸ்பாட்டர் “உள்பக்கம் ஒருத்தன் வர்றான், இன்னும் இருக்கான், போயிட்டான்” என்பதையும், கார் திரும்பவே மாட்டேன் என்கிறது என்று ஓட்டுநர் புலம்புவதையும்தான். இந்தப் புலம்பல் நெடுங்காலமாகப் பெரும்பாலும் 450 முதல் 470 மெகாஹெர்ட்ஸுக்குள், சாதாரண அனலாக் எஃப்எம்மில், ஊரறிய நடந்துவருகிறது. யூனிடென் பிசி125ஏடி போன்ற எளிய கருவியிலேயே 500 சேனல்கள் உண்டு. ஓடுவதோ சுமார் 40 கார்கள். (ஃபார்முலா 1 ரசிகருக்கு இந்தக் கவலையே இல்லை, அங்கே பேச்சை மறையாக்கம் செய்துவிடுவதால் எந்த ஸ்கேனரும் இடுப்புக்கு அலங்காரம்தான்.)

நாளைக்குக் காவல்துறையைக் கேட்க உதவுமே என்பார்கள். அமெரிக்காவில் பல நகரங்களின் காவல்துறையும் மறையாக்கத்துக்குப் போய்விட்டது. விலையுயர்ந்த கருவியும் அங்கே மௌனவிரதம்தான். அணிகளின் பேச்சைக் கேட்கக் கைபேசிச் செயலி போதாதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் இணையம் வழி வரும் குரல் சில நொடிகள் பிந்தும். மணிக்கு 300 கிலோமீட்டரில் போகும் கார் நொடிக்கு 80 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். மோதிப் புகை கிளம்பிய பிறகு “பார்த்துப் போ” என்று எச்சரிக்கிற செயலி அது. மிச்சமாகும் பணத்தில் வாங்கவேண்டியது இரைச்சலை அடைக்கும் நல்ல ஹெட்செட். அதில்தான் நம் ஒற்றர் சிக்கனம் பிடிக்கிறார்.