சந்தேகம் நல்லது

1952-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் 214(பி) என்றொரு பிரிவு. அருமையான ஏற்பாடு. சுற்றுலா விசா கேட்பவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று முதலில் நம்பிவிட வேண்டும். இல்லையென்று நிரூபிப்பது அவர் பாடு. விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், மறுத்தாலும் திரும்பாது.

சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே, அமெரிக்கத் துணைத் தூதரக வரிசையில் மயிலாப்பூர் மாமி. கையில் வீட்டுப் பத்திரம், எஃப்.டி. ரசீது, பென்ஷன் புத்தகம். கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டே கேள்வி. ஃபைலை யாரும் திறக்கவில்லை.

நாமும் இதைப் பின்பற்றலாம். இரண்டு நாள் தங்க வரும் கும்பகோணத்து மச்சினர், ரிட்டர்ன் டிக்கெட்டையும் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் வாசலிலேயே காட்டட்டும். கைரேகை எடுத்த பிறகே காபி.

மார்கழிக் கச்சேரிக்கு வரும் அமெரிக்க மகனுக்கு மட்டும் விலக்கு. அவன் திரும்பிப் போய்விடுவான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.