மாப்பிள்ளையின் காலை மிதித்த மணப்பெண்

கேள்வி: ஒரு பெண், அவளுக்குத் துணையாக ஒரு நரி ஆவி, நடுவில் காதலும் கலாட்டாவும் என்று 'கமிசாமா கிஸ்' அனிமே அசத்துகிறது. நம் ஊரில் ஏன் இப்படி ஒன்று இல்லை?
– ஒரு கல்லூரி மாணவி, வடபழனி

பதில்: உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே எடுத்திருக்கிறார்களே! வடபழனியில் இன்று விஜயா மருத்துவமனையும் மாலும் இருக்கும் வட்டாரத்தில்தான் விஜயா–வாஹினி ஸ்டுடியோ இருந்தது. 1957இல் கே.வி. ரெட்டி இயக்கிய 'மாயா பஜார்' அங்கே பிறந்தது.

வத்சலாவுக்கு அபிமன்யு மீது காதல். வீட்டார் பார்த்த மாப்பிள்ளையோ துரியோதனன் மகன். அப்போது உதவிக்கு வருகிறான் அரக்கன் கடோத்கஜன். தூங்குகிற பெண்ணைக் கட்டிலோடு தூக்கிப் போய் விடுகிறான். பிறகு அவளைப் போலவே உருமாறி மணமேடையில் உட்கார்கிறான்!

இங்கேதான் வத்சலாவாக நடித்த சாவித்திரியைப் பார்க்க வேண்டும். பட்டுச்சேலைக்குள் ஓர் அரக்கன். அந்த மிடுக்கு நடை, புருவத் தூக்கல், மாப்பிள்ளையின் காலை ஓங்கி ஒரு மிதி! கடோத்கஜனாக நடித்த எஸ்.வி. ரங்காராவின் உடல்மொழி அத்தனையும் அந்த மெல்லிய உடம்புக்குள் வந்து உட்கார்ந்துவிடும். கடோத்கஜனின் விருந்துக் காட்சியில் தட்டுகள் காலியாகும் வேகமோ, மார்கஸ் பார்ட்லியின் கேமரா செய்த ஜாலம். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் எட்டிப் பார்க்காத காலம் அது.

அனிமேயை விட வேண்டாம். அதுவும் நல்ல ரசனைதான். இந்த ஞாயிறு பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு 'மாயா பஜார்' பாருங்கள். முதலில் சிரிப்பது யார் என்று எழுதுங்கள்.